மூக்குக்கு ஆட்சேபணை இல்லை

எங்கள் வீட்டில் குளியலறை ஒன்று, அதில் கண்ணாடி ஒன்று. காலை ஆறேகாலிலிருந்து ஏழு மணி வரை இரண்டும் என் மகள் வசம். அந்த முக்கால் மணி நேரம் நானும் என் மனைவியும் சமையலறைத் தொட்டியில்தான் பல் துலக்குவோம். பதினைந்து வயதுப் பெண் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் கண்ணாடியோடு அப்படி என்ன பேசுகிறாள் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. ஒருநாள் அவசரத்துக்குக் கதவைத் தட்டி உள்ளே போனபோது, அலமாரியில் டியூப்கள் வரிசையாக நின்றன. முதல் டியூபை எடுத்துப் படித்தேன். 'பிரைமர்' என்று போட்டிருந்தது.

சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது என் தொழில். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. பிரைமர் எனக்குத் தெரியாதா? பழைய பூச்சைச் சுரண்டி, பள்ளம் நிரவப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, நன்றாகக் காய்ந்தபிறகு இரண்டு கோட். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா, பட்டி பாக்காம நேரா பிரைமருக்குப் போயிட்டியே?"

"பட்டி அந்த மூணாவது டியூப்ப்பா. அதுக்குப் பேரு கன்சீலர்," என்றாள் அவள், சிரிக்காமல்.

விரலில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். பட்டியேதான். அதிலும் நல்ல தரமான பட்டி. இவ்வளவு நைஸாக எங்களுக்குக் கடையில் கிடைப்பதில்லை.

அதன்பிறகு அவள் ஒரு பழுப்புநிறக் குச்சியை எடுத்து மூக்கின் இரண்டு பக்கமும் கோடு இழுத்து, பஞ்சால் ஒற்றி ஒற்றி மறைத்தாள். எதற்கு என்று கேட்டேன். மூக்கு சின்னதாகத் தெரியுமாம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த மூக்கு என்னுடையது. மற்றதெல்லாம் அவள் அம்மாவைக் கொண்டிருக்கிறாள். மூக்கு மட்டும் அச்சு அசலாக நான். அகலமாக, நுனி உருண்டு, கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருக்கும். அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஐந்து தகப்பன்மார் நின்றிருந்தோம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த நர்ஸ் பெயரே கேட்கவில்லை. ஐந்து பேரையும் ஒரு பார்வை பார்த்தாள், நேரே வந்து என் கையில் கொடுத்துவிட்டாள். அந்த மூக்கை இவள் தினமும் காலையில் அழிக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்குச் சுருக்கென்றது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அதைக்கூட விடலாம். நீச்சலை விட்டுவிட்டாள் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. அவள் பள்ளிக்கூடத்தில் மல்லாந்து நீந்துவதில் அவளை அடிக்க ஆளில்லை. நீரில் இறங்கினால் வீட்டுப்பாடம், பசி, அப்பா, அம்மா எல்லாம் மறந்துபோகும். இந்த வருடம் மூன்று மாதமாகக் குளத்துப் பக்கமே போகவில்லை.

"ஏம்மா போகல?"

"தண்ணில போயிடும்ப்பா."

"எது?"

"முகம்."

நீச்சல் டீச்சர் வீட்டுக்கே வந்து பார்த்தார். பள்ளிகளுக்கு இடையிலான போட்டி வருகிறது, பெயர் கொடுக்க ஒரு படிவம் இருக்கிறது, பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றார். அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. டீச்சர் படிவத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு பத்திரிகை. பத்திரிகை என்றால் தாளில் மட்டும் வருவது இல்லை. தொலைக்காட்சியிலும் வரும், கைபேசியிலும் மணிக்கு ஒருதரம் வந்து எட்டிப் பார்க்கும். என் மகளும் அவள் தோழிகளும் அதில் வருகிற முகங்களைப் பாடப்புத்தகத்தைவிடக் கவனமாகப் படிப்பார்கள். அந்தப் பத்திரிகைதான் திடீரென்று ஒருநாள் 'நீ நீயாக இரு' என்று ஓர் இயக்கம் தொடங்கியது. அதன்கீழே சிறிய எழுத்தில், நீ நீயாக இருக்கத் தேவையான பதினொரு பொருட்களின் பட்டியல். கூடவே ஒரு போட்டி. 'ஒப்பனையே இல்லாத முகம்.' ஜெயிக்கிற பெண்ணின் படம் அட்டையில் வரும்.

என் மகள் படம் அனுப்பினாள். கூப்பிட்டுவிட்டார்கள். ஒப்பனை எதுவும் இல்லாமல், பெற்றோரில் ஒருவருடன் வரவும் என்று கடிதம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நான் சொன்னால் கேட்கமாட்டாள். அந்தப் பத்திரிகையே 'உன் முகம் நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லிவிட்டால் அப்புறம் டியூப் எதற்கு, குச்சி எதற்கு? மறுநாளே நீரில் குதித்துவிடமாட்டாளா?

"கெடுத்தவங்களே திருத்தப் போறாங்களா?" என்றாள் என் மனைவி, இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் சலவைக்கடையில் வேலை செய்கிறவள். கறை எங்கே இருக்கிறது என்று பார்த்த உடனே சொல்லிவிடுவாள்.

"போய்த்தான் பாப்போமே," என்றேன் நான்.

மூன்று மாதத்தில் முதல்தடவையாக என் மகள் ஒன்றும் பூசாமல் வெளியே வந்தாள். ஆனால் கண்ணுக்குக் கீழே எல்லாவற்றையும் முகக்கவசத்தால் மூடியிருந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

ஏழு மாடிக் கட்டடம். வெளிச்சுவரில் பட்டி சரியாகத் தேய்க்காமல் அலையலையாகத் தெரிந்தது. அதை எனக்குள் குறித்துக்கொண்டேன். வாசலில் காவலாளி எதற்காக வந்திருக்கிறோம் என்று கேட்டார்.

"ஒப்பனையே இல்லாத முகம்," என்றேன்.

"மூணாவது மாடி. மேக்கப் ரூம்," என்றார் அவர்.

மூன்றாவது மாடியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'போட்டியாளரின் இயல்பான முகத்தில் உள்ள குறைகளை எழுதவும்' என்று கேட்டு ஆறு வரி இடம் விட்டிருந்தது. இடம் போதவில்லை என்றால் தனித்தாள் இணைக்கலாமாம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. 'ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை' என்று எழுதினேன். என் மகள் பேனாவைப் பிடுங்கி ஆறு வரியையும் நிரப்பி, தனித்தாளும் கேட்டு வாங்கினாள்.

பிறகு ஓர் அம்மாள் வந்து என் மகளின் முகக்கவசத்தைக் கழற்றச் சொன்னார். 'இயல்பு சரிபார்ப்பு' என்று அவர் சட்டையில் எழுதியிருந்தது. முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"மேக்கப் இல்லாமத்தானே வரச் சொல்லியிருந்தோம்?"

"இல்லாமத்தாங்க வந்திருக்கா."

"அப்படித் தெரியலையே. மேக்கப் இல்லாத முகம் இப்படி இருக்காது."

அட்டையை என்னிடம் காட்டினார். அதில் ஒரு பெண்ணின் முகம். முட்டை ஓடு மாதிரி இருந்தது. அதன்கீழே 'மாதிரி முகம்: ஒப்பனைக்கு முன்' என்று அச்சடித்திருந்தது. இந்த முகத்தை எடுக்க எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்று கேட்டேன். எட்டுப் பேர், இரண்டு நாள் என்று பெருமையாகச் சொன்னார்.

"உங்க பொண்ணு முகத்துல நிறைய என்னமோ இருக்கு," என்றார்.

"அது முகம்தாங்க," என்றேன்.

"அதைத்தான் முதல்ல எடுக்கணும்," என்று சொல்லி, உள்ளே அனுப்பிவிட்டார்.

உள்ளே ஒப்பனைக்காரப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எத்தனை வயது என்று சொல்ல முடியவில்லை. களைத்திருக்கிறாள் என்று மட்டும் தெரிந்தது. வேலையைத் தொடங்கினாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த இடம் முழுவதிலும் எனக்குப் புரிந்த ஒரே விஷயம் அவள் கைவேலைதான். துடைத்தாள், பிரைமர் போட்டாள், பட்டி வைத்தாள்.

"காயறதுக்கு முன்னாடி அடுத்த கோட் போட்டா பின்னாடி உரிஞ்சுடுமே?" என்று கேட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "சாருக்கு இந்த வேலை தெரியுமா?"

"சுவருக்கு."

"எனக்கும் தெரியும் சார். காயவிட எங்க டைம் குடுக்கறாங்க?" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அப்புறம் நிற அட்டையைப் பிரித்தாள். நாற்பத்திரண்டு நிறம். அதில் 'இயல்பு' என்று குறித்திருந்தவை மூன்று. மூன்றும் சுண்ணாம்புக்குப் பக்கத்து வீடு. என் மகளின் நிறம் முப்பத்தெட்டாவது. அதற்குமேல் 'சிறப்புத் தேவைகளுக்கு' என்று போட்டிருந்தது. ஒப்பனைக்காரப் பெண்ணின் நிறம் அட்டையிலேயே இல்லை. அவள் மூன்றாம் எண் நிறத்தை எடுத்துக் குழைத்தாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து 'ஒப்பனையில்லாமை உறுதி' என்று ஒரு சீட்டில் முத்திரை குத்தினார்கள். அடுத்த அறை, இயக்குநர் மேடம்.

மிகவும் நல்ல மனுஷி. எழுந்து நின்று வரவேற்றார். என் மகளை உட்காரவைத்து, கண்ணில் நீர் தளும்பப் பேசினார்.

"இந்த வயசுப் பொண்ணுங்க எல்லாம் தன்னம்பிக்கை இல்லாம வாடுறாங்க. அதைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியுமா? இருபது வருஷமா ராப்பகலா நாங்க அவங்ககூடவே இருக்கோம். காலைல கண்ணு முழிச்சதும் அவங்க எங்களைத்தான் பாக்கறாங்க. பாத்ததும் 'நம்மகிட்ட என்னமோ குறையுது'ன்னு தோணுது பாருங்க, அந்த இடத்துலதான் எங்க சேவை ஆரம்பிக்குது. என்ன குறையுதுன்னு அவங்களுக்குத் தெரியாது. அதை எடுத்துச் சொல்ல ஒருத்தர் வேணாமா? போன வருஷம் ஒரு ஆய்வு பண்ணினோம். நூத்துல பதினாலு பொண்ணுங்க 'நான் நல்லாத்தான் இருக்கேன்'னு சொல்லியிருக்காங்க. எனக்கு மூணு நாள் தூக்கம் வரலை. அந்தப் பதினாலு பேரை எப்படி விட்டோம்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற அளவுக்காரர் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, இரும்பு இடுக்கி மாதிரி ஒரு கருவியால் என் மகளின் மூக்கை அளந்தார். பதினெட்டு சதவீதம் அதிகம் என்றார். எதைவிட அதிகம் என்று கேட்டேன். அட்டையைவிட என்றார்.

"படத்துல கம்ப்யூட்டர்லயே குறைச்சிடலாம். வலிக்காது," என்றார் இயக்குநர் மேடம். "ஆனா ஒண்ணு. பரு, தழும்பு எல்லாம் பொண்ணோட சொந்தம், அவ அனுமதி போதும். மூக்கு பரம்பரையா வந்திருக்கு. அதனால குடுத்தவர் கையெழுத்து வேணும்."

அச்சடித்த படிவமே வைத்திருந்தார்கள். 'கீழே கையொப்பமிடும் நான், என் வழியாக வந்த மேற்படி மூக்கைக் குறைப்பதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை என்றும், பின்னாளில் அதன்மீது உரிமை கோரமாட்டேன் என்றும் உறுதியளிக்கிறேன்.'

என் மகளைப் பார்த்தேன். என் பக்கம் திரும்பாமல், "போடுங்கப்பா," என்றாள்.

போட்டேன். அவள் ஆசைப்பட்டாள், போட்டேன். வேறு காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வரும் வழியில் பஸ்ஸில் என் மூக்கை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அட்டைப்படம் வந்தது. அவள்தான் முதல் பரிசு. 'இதுதான் நான்!' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே யாரோ ஒரு பெண். கம்மல் மட்டும் எங்கள் வீட்டுக் கம்மல். என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள், கழற்றிவிட்டுப் பார்த்தாள்.

"நல்லா வெளுத்திருக்காங்க," என்றாள். "சாயம் போயிருச்சு."

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அட்டைப்படத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் குளியலறைக் கண்ணாடி ஓரத்தில் அட்டைப்படம் ஒட்டப்பட்டது. அதைப் பார்த்துப் பார்த்துப் பூசினாள். முன்பு மற்றவர்களைப் போல் ஆவதற்கு முக்கால் மணி நேரம் போதுமாக இருந்தது. இப்போது தன்னைப் போல் ஆவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அப்போதும் மூக்கு இணங்கவில்லை. ஒருநாள் காலை கதவுக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. வாயில் பிரஷ்ஷோடு சமையலறையில் நின்றிருந்த எனக்கு என்மீதே ஆத்திரமாக வந்தது. நானே அழைத்துப் போனேன், நானே கையெழுத்துப் போட்டேன்.

அன்று வேலைக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத்துக்குப் போய், சட்டைப்பையில் கசங்கிக் கிடந்த இன்னொரு படிவத்திலும் கையெழுத்துப் போட்டு நீச்சல் டீச்சரிடம் கொடுத்தேன். அவளிடம் சொல்லவில்லை. எந்த நம்பிக்கையில் கொடுத்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

பரிசளிப்பு விழாவுக்கும் கடிதம் வந்தது. வெற்றி பெற்றவர் போட்டியின் பெருமையைக் காக்கும் விதமாக, கண்டிப்பாக ஒப்பனையின்றி வரவேண்டும். மறுபடியும் முகக்கவசம், மறுபடியும் பஸ் ஜன்னல்.

கட்டட வாசலில் என் மகளின் படம் இரண்டு ஆள் உயரத்துக்கு அட்டையில் வெட்டி நிறுத்தப்பட்டிருந்தது. அதன் காலடியில் அதே காவலாளி. கடிதத்தைக் காட்டினோம். முகக்கவசத்தை எடுக்கச் சொன்னார். எடுத்தாள். அவர் அண்ணாந்து படத்தைப் பார்த்தார், குனிந்து இவளைப் பார்த்தார்.

"இது அந்தப் பொண்ணு இல்லைங்களே."

"இவதாங்க அது."

"எனக்குக் குடுத்திருக்கிற படத்தோடதான் சரிபாக்கணும். இதுல எதுவுமே சேரலையே. கம்மல் மட்டும்தான் சேருது."

"கம்மலை மட்டும் உள்ள விடுங்களேன்," என்றேன். அவர் உண்மையிலேயே யோசித்துவிட்டு, மேலே கேட்கவேண்டும் என்றார்.

மேலே இருந்து இயல்பு சரிபார்ப்பு அம்மாள் வந்தார், அளவுக்காரர் வந்தார், கடைசியில் இயக்குநர் மேடமே இறங்கி வந்தார். மூவரும் படத்துக்கும் என் மகளுக்கும் நடுவில் நின்று கூடிப் பேசினார்கள். நீங்கள்தானே இவளை மாடியில் உட்காரவைத்து அளந்தீர்கள் என்று கேட்டேன். மேடம் என் தோளைத் தொட்டார்.

"நாங்க சந்தேகப்படலை. ஆனா யோசிச்சுப் பாருங்க. ரெண்டு லட்சம் பேர் இந்தப் படத்தைப் பாத்து 'இதுதான் அசல்'னு நம்பியிருக்காங்க. இப்ப இவங்களை மேடையேத்தினா, ஜனங்க மனசுல அசல்ங்கிறதுக்கே மதிப்பு போயிடும். பொண்ணு கூட்டத்துல உக்காந்து கைதட்டட்டும். பரிசைப் படம் வாங்கிக்கும்."

"சரி, அப்பாவாவது மேடைக்கு வரலாமே?" என்றார் அளவுக்காரர்.

இயல்பு சரிபார்ப்பு அம்மாள் என்னையும் படத்தையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இவர் அந்தப் பொண்ணோட அப்பா மாதிரித் தெரியலையே. முகத்துல ஒரு ஜாடையும் இல்லையே."

பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஐந்து பேர் நடுவில் பெயர் கேட்காமலே கண்டுபிடித்தார்கள். இங்கே அடையாள அட்டை, கடிதம், முத்திரை எல்லாம் இருந்தும் நான் யாரோ.

அப்போதுதான் என் மகள் முன்னால் வந்தாள். தலை குனிந்திருந்தவள் முகத்தை நன்றாக நிமிர்த்தினாள்.

"அவர் எங்கப்பாதான்! கண்ணு தெரியலையா உங்களுக்கு? அவர் மூக்கைப் பாருங்க. என் மூக்கைப் பாருங்க!"

தெருவில் போனவர்கள்கூட நின்று இரண்டு மூக்கையும் பார்த்தார்கள். காவலாளி பார்த்தார், அவருக்குச் சிரிப்பு வந்து, தொப்பியைச் சரி செய்வதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார். மேடம் மட்டும் நிதானம் இழக்கவில்லை. கோப்பைப் பிரித்து என் கையெழுத்தைக் காட்டினார்.

"மன்னிக்கணும். மூக்குக்கு ஆட்சேபணை இல்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இனிமே அதை வெச்சு நீங்க உறவு கொண்டாட முடியாது."

என் மகள் அந்தத் தாளைப் படித்தாள். முதலில் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்த இரண்டு ஆள் உயரப் படத்தின்மேலேயே சாய்ந்து சிரித்தாள். படம் ஆடியது. அளவுக்காரர் ஓடிப்போய்ப் படத்தைத்தான் பிடித்தார்.

நாங்கள் விழாவுக்கு இருக்கவில்லை. மேடையில் படத்துக்கு மாலை போட்டு, பதினொரு பொருட்கள் கொண்ட பெட்டியை அதன் கையருகே வைத்து, எல்லோரும் கைதட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். படம் மிகுந்த தன்னம்பிக்கையோடு நின்றதாம்.

பஸ்ஸில் அவள் முகக்கவசத்தைப் போடவில்லை. நாலு நிறுத்தம் தாண்டியபிறகு கேட்டாள்.

"நீச்சல் போட்டிக்குப் பேர் குடுக்கக் கடைசி நாள் போயிடுச்சில்லப்பா?"

"போயிடுச்சு," என்றேன். "ஆனா உன் பேர் இருக்கு. அதுலயும் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

டியூப்கள் எல்லாம் போய்விட்டன என்று சொன்னால் அது பொய். கண்ணுக்கு மை தீட்டுகிறாள், உதட்டுக்குச் சாயம் வைக்கிறாள், தோழியின் பிறந்தநாள் என்றால் பட்டியும் உண்டு. அது அவள் இஷ்டம். பெயிண்ட் அடிப்பவன் பெயிண்டைக் குறை சொல்லலாமா? காலையில் கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறாள். அந்தப் பழுப்புநிறக் குச்சியை மட்டும் காணோம். என் மனைவி அதை அவளிடமிருந்து வாங்கி, சலவைக்கடையில் கறை படிந்த துணிகளில் குறியிட வைத்திருக்கிறாள்.

போட்டி அன்று நானும் என் மனைவியும் நீச்சல் குளத்தின் மேல்படியில் உட்கார்ந்திருந்தோம். எட்டுப் பெண்கள் நீரில் இறங்கினார்கள். எட்டுப் பேருக்கும் ஒரே நீலத் தொப்பி, ஒரே கறுப்புக் கண்ணாடி. விசில் ஊதியதும் எட்டும் மல்லாந்து பாய்ந்தன. தெறித்த நீரில் யார் யாரென்று தெரியவில்லை.

"நம்ம பொண்ணு எதுங்க?" என்று என் மனைவி என் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே!"

நான் தேடவே இல்லை. ஐந்தாவது தடத்தில், நீருக்கு மேலே, அகலமாக, நுனி உருண்டு, கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து, என் மூக்கு வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.